எடை குறைக்கும் ஊசி: காப்புறுதி இல்லாதவர் எப்படிக் கட்டுப்படியாக்குவது?

வாசகியின் கேள்வி, 2 ஆகஸ்ட் 2025

எனக்கு 43 வயது. மலேசியாவில், சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். கணவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். நான் பட்டணத்தில் ஒரு பேரங்காடியில் வேலை செய்கிறேன். உயரம் 156 செண்டிமீட்டர், எடை 96 கிலோ. முட்டி வலியால் படியேற முடியவில்லை. எங்களிடம் மருத்துவ அட்டை, அதாவது மருத்துவக் காப்புறுதி, கிடையாது. வாரம் ஒரு முறை போடும் ஊசியைப் பற்றி ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக்கில் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். நான்கு மாதம் மட்டும் போட்டு, எடை இறங்கியதும் நிறுத்திவிட்டால் செலவு தாங்கும் என்று தோழி சொல்கிறாள். அது சரிதானா, அக்கா?

3 ஆகஸ்ட் 2025

நான்கு மாதத் திட்டத்துக்குப் பணம் கட்டாதீர்கள், தங்கச்சி. இந்த ஊசியை எடுத்த எடுப்பில் முழு அளவில் போட முடியாது. ஒசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் விற்கப்படும் செமாகுளூடைட் மருந்து வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்குகிறது. நான்கு வாரத்துக்கு ஒரு முறை 0.5, 1, 1.7 என்று ஏறி, பதினேழாவது வாரத்தில்தான் எடை குறைப்புக்குரிய முழு அளவாகிய 2.4 மில்லிகிராமைத் தொடுகிறது. வயிறு பழக வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்ட படிகள் அவை. நான்கு மாதத்தில் நிறுத்துகிறவர் படிகளுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, மாடியைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்.

2021இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் 1,961 பேர் பங்கேற்றார்கள். 68 வாரம் இந்த ஊசி போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடுதான் குறைந்தது. இரு தரப்பினருக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை கொடுக்கப்பட்டது. உங்கள் 96 கிலோவுக்கு அந்தச் சராசரியைப் பொருத்தினால் ஏறக்குறைய 14 கிலோ வரும். ஆனால் ஊசியை நிறுத்தி ஓராண்டு கழித்து அவர்களில் ஒரு பகுதியினரை மறுபடி எடை பார்த்தபோது, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. நான் விசாரித்த கிளினிக்குகளில் முதல் எண்ணைச் சொன்னார்கள். இரண்டாவதை நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

என் உடம்பும் அதையே காட்டியது. நான் பட்டணத்தில் ஓர் இரும்புக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் மருத்துவ அட்டை இல்லை. கணவரின் லோரி ஓட்டம் குறைந்த காலத்தில் ஊசியை நிறுத்த வேண்டியதாயிற்று. செமாகுளூடைட் உடம்பில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆகையால் உடனே ஒன்றும் தெரியவில்லை. பிறகு, சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போதே அடுத்த வேளைச் சாப்பாட்டை நினைக்கிற பழைய பசி அப்படியே வந்து உட்கார்ந்தது. என் மனவுறுதி குறைந்துவிட்டது என்று எண்ணி அழுதிருக்கிறேன். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் இயக்குநீரைப் போலவே இந்த மருந்து வேலை செய்கிறது, மருந்து போனால் அந்தச் சேதியும் போய்விடும், இதில் உங்கள் குணத்தைக் குறை சொல்ல இடமில்லை என்று டாக்டர் விளக்கியதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஆகவே முதல் பேனாவை, அதாவது மருந்து நிரப்பிய ஊசிக் கருவியை, வாங்கக் காசு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்திலும் வாங்க முடியுமா என்று பாருங்கள்.

5 ஆகஸ்ட் 2025

இந்த ஊசி யாருக்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உடல் நிறைக் குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30ஐ எட்டியவர்களுக்கும், 27ஐ எட்டி அத்துடன் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற எடை சார்ந்த நோய் உள்ளவர்களுக்கும் என்பது மருந்தோடு வரும் குறிப்பு. மேலே கேட்ட தங்கச்சியின் குறியீடு 39ஐத் தாண்டுகிறது. ஆகவே அழகுக்காகக் கேட்கிறார் என்று யாரும் அவரைப் பேச வேண்டாம். குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த ஊசி கூடாது. கருத்தரிக்க நினைப்பவர்கள் செமாகுளூடைட்டை இரண்டு மாதம் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும்.

9 ஆகஸ்ட் 2025

காசு இல்லாதவர் முதலில் போக வேண்டிய இடம் ஈப்போவின் தனியார் கிளினிக் இல்லை. ஒரு ரிங்கிட் கட்டணம் வாங்கும் நம் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். எடையைக் குறைப்பதற்காக மட்டும் இந்த ஊசியை அங்கே எதிர்பார்க்க முடியாது என்பது தெரிந்ததே. அப்படியிருந்தும் அங்கே போகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நம்மில் பலருக்கு எடையோடு வேறு நோய்களும் சேர்ந்தே இருக்கின்றன, பார்க்காததால் தெரிவதில்லை. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள், 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியர்களிடையே இந்த இரண்டும் கூடுதல் என்பதை ஒவ்வொரு வீட்டு மருந்துப் பெட்டியும் சொல்லும். கிளினிக்கில் எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை, கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் ஆகியவற்றைக் கேட்டுப் பெறுங்கள். இரவில் குறட்டை விட்டு மூச்சுத் திணறி எழுந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அரசாங்கத்தின் எஸ்டிஆர் உதவித்தொகை பெறும் குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு, குறைந்த வருமானத்தாருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அதில் பதிவுபெற்ற தனியார் கிளினிக்கிலேயே அதைச் செய்துகொள்ளலாம்.

சோதனையில் நீரிழிவு தெரிந்தால் வருத்தமான சேதிதான். ஆனால் வைத்தியத்தின் வாசல் அங்கே அகலமாகத் திறக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை அந்த ஒரு ரிங்கிட்டுக்குள் அடங்கும். நீரிழிவின் விளிம்பில் நிற்பவர்களுக்கும் அது பயன்படும் என்பதற்கு 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு சான்று: மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் நீரிழிவு வருவது 31 விழுக்காடு குறைந்தது, உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் 58 விழுக்காடு குறைந்தது. மாத்திரையால் எடை இரண்டு கிலோ அளவில்தான் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி, உங்கள் குறியீட்டுக்கு இரைப்பை அறுவைச் சிகிச்சையும் கேட்க வேண்டிய ஒன்று. சில அரசாங்க மருத்துவமனைகளில் அது செய்யப்படுகிறது. நிபுணர் கிளினிக்கின் கட்டணம் ஐந்து ரிங்கிட். காத்திருக்கும் வரிசை நீளம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊசியைத் தொடங்கினாலும் வரிசையில் உங்கள் பெயர் இருப்பதால் ஒரு நட்டமும் இல்லை.

17 ஆகஸ்ட் 2025

"இப்போதே ஒரு மருத்துவ அட்டை எடுத்தால் காப்புறுதி நிறுவனம் ஊசிக்குப் பணம் கொடுக்காதா?" என்று ஓர் அண்ணன் கேட்கிறார். நம் நாட்டில் விற்கப்படும் அட்டைகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கானவை. எடை குறைப்புச் சிகிச்சையை விலக்குப் பட்டியலிலேயே எழுதியிருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பு அந்த விலக்குப் பக்கத்தை முகவரிடம் திறந்து காட்டச் சொல்லுங்கள். அட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பித்தப்பைக் கல்லுக்கோ நெஞ்சு வலிக்கோ படுக்க நேர்ந்தால் அது கைகொடுக்கும். ஊசிக்காக மட்டும் அட்டை எடுப்பவர் ஒவ்வொரு மாதமும் சந்தாவையும் கட்டுவார், ஊசியின் விலையையும் கட்டுவார்.

முதலாளி செலவை ஏற்று அனுப்பும் பேனல் கிளினிக் வசதியையும் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு ஆண்டு வரம்பு உண்டு, பெரும்பாலும் அது காய்ச்சல் இருமலுக்குத்தான் போதும். ஆனாலும் இரத்தச் சோதனையை அங்கே எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அந்தச் செலவாவது மிச்சப்படும்.

18 ஆகஸ்ட் 2025

அமெரிக்காவில் எல்லாருக்கும் காப்புறுதி கொடுக்கிறது என்று எழுதியவருக்கு ஒரு திருத்தம். அங்கே முதியவர்களுக்கான மெடிகேர் திட்டம், எடை குறைப்புக்கு மட்டும் என்றால் மருந்துச் செலவை ஏற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. 2025இல் வெகோவியின் பட்டியல் விலை மாதத்துக்கு 1,349 டாலராக இருந்தது. காப்புறுதி இல்லாமல் சொந்தக் காசில் வாங்குவோருக்கு 2025 மார்ச்சில்தான் உற்பத்தியாளரே அதை 499 டாலராகக் குறைத்தார். கையில் காப்புறுதி அட்டை வைத்திருப்பவர்களும் அங்கே நம்மைப் போலவே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

30 ஆகஸ்ட் 2025

விலையை எப்படிக் கேட்பது என்பதை இன்று எழுதுகிறேன். என் தொழில் கணக்கு என்பதால் இது நீண்டுவிடும்.

இந்த ஆண்டு மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே விலை கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. அது உங்கள் உரிமை. டாக்டரைப் பார்த்த பிறகு மருந்தை அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மருந்துச் சீட்டை எழுதி வாங்கிக்கொண்டு, ஈப்போவிலும் தைப்பிங்கிலும் உள்ள மருந்தகங்களுக்குத் தொலைபேசியில் பேசி ஒப்பிட்டுப் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது, ஒரே மருந்துக்கு ஒரே வாரத்தில் கடைக்குக் கடை நூறு ரிங்கிட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தது.

பேனா ஒன்றின் விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் முதலில் போட்டது சாக்செண்டா. அது நாள்தோறும் போடும் ஊசி. ஒரு பேனாவில் 18 மில்லிகிராம் லிராகுளூடைட் இருக்கும். முதல் வாரத்தில் நாளுக்கு 0.6 மில்லிகிராம்தான் என்பதால் பேனா தாராளமாக வரும், விலை மலிவு என்ற எண்ணமும் வரும். முழு அளவாகிய 3 மில்லிகிராமுக்கு ஏறிவிட்டால் அதே பேனா ஆறு நாளில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு ஐந்து பேனா தேவைப்படும். ஊசிமுனைகளுக்குத் தனிச் செலவு. வாரம் ஒரு முறை போடும் ஊசியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அளவு ஏறும்போது பேனாவின் விலையும் ஏறுகிறது. ஆகவே கிளினிக்கில் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நான் தொடர்ந்து நிற்கப்போகும் அளவுக்கு, ஊசிமுனை, டாக்டர் கட்டணம், இரத்தச் சோதனை எல்லாம் சேர்த்து மாதத்துக்கு எவ்வளவு? நான் விசாரித்த இடங்களில் தொடக்க அளவுக்குச் சில நூறு ரிங்கிட் என்று ஆரம்பித்த பேச்சு, முழு அளவுக்கு வரும்போது ஆயிரத்தைத் தாண்டியது. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வேலை செய்பவர் ஒருவர் இந்த ஊசிக்குத் தம் சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டும் என்பதை என்னால் அமைதியாக எழுத முடியவில்லை.

முழு அளவுக்கு ஏறாமல் நடுவிலேயே நின்றுகொள்ள முடியுமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். எனக்குச் செமாகுளூடைட்டில் 1 மில்லிகிராமிலேயே பசி அடங்கியது; டாக்டரும் ஒப்புக்கொண்டு அங்கேயே நிறுத்தி வைத்தார். எடை மெதுவாகத்தான் இறங்கியது, ஆனால் மாதச் செலவு என் கைக்குள் நின்றது. எல்லாருக்கும் இது பொருந்தாது.

ஆறு மாதத்துக்கு முன்பணம் வாங்கும் "மெலிவுத் தொகுப்பு"களைத் தவிர்த்துவிடுங்கள். வாந்தி தாங்காமல் இரண்டாவது வாரத்திலேயே நிறுத்த நேரிட்டால் அந்தப் பணம் போனதுதான். என் உறவுக்காரப் பெண்ணுக்கு அப்படி நடந்தது.

6 செப்டம்பர் 2025

நல்ல சேதி ஒன்று. உலகச் சுகாதார நிறுவனம் நேற்று வெளியிட்ட அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் செமாகுளூடைட், லிராகுளூடைட், டுலாகுளூடைட், டிர்செபடைட் நான்கையும் சேர்த்திருக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவும் உடற்பருமனும் இருந்து, அத்துடன் இதய நாள நோயோ நாட்பட்ட சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு என்று வரையறுத்திருக்கிறார்கள். இதனால் நாளைக்கே நம் கிளினிக்கில் ஊசி கிடைத்துவிடாது. ஆனால் இது பணக்காரர் மருந்து என்று இனி யாரும் நம்மிடம் சொல்ல முடியாது. நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் மனுக் கொடுக்கப் போகிறவர்கள் இந்தச் சேதியின் அச்சுப் பிரதியையும் இணைத்துக் கொடுங்கள்.

14 செப்டம்பர் 2025

மலிவு ஊசியைப் பற்றி வரும் கேள்விகள் எனக்கு அச்சத்தைத் தருகின்றன. வாட்ஸ்அப்பில் பாதி விலைக்கு விற்கிறார்கள், பெட்டி அசல் போலவே இருக்கிறது, வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். வாங்காதீர்கள். 2024 ஜூன் மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் போலிச் செமாகுளூடைட் பற்றி எச்சரிக்கை விடுத்தது. பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலிப் பேனாக்கள் பிடிபட்டிருந்தன. போலிப் பேனாவுக்குள் இன்சுலின் இருந்தால், சர்க்கரை சடாரென்று இறங்கித் தூக்கத்திலேயே உயிர் போகும் ஆபத்து உண்டு. நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்தின் பெட்டியில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்கும். அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். மருந்துச் சீட்டு கேட்காமல் இந்த ஊசியை விற்கிறவர் சட்டத்தை மீறுகிறார் என்பதே போதுமான அடையாளம்.

அசலாகவே இருந்தாலும் வெயிலில் வந்தால் பயனில்லை. திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் கெட்டுவிடும். எங்கள் தோட்டத்துக்குக் கூரியர் மோட்டார் சைக்கிளில் மத்தியானம் வந்து சேரும் பெட்டி எத்தனை மணி நேரம் கொதித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அக்காள் தங்கை இருவர் ஒரே பேனாவைப் பங்கு போட்டுக்கொள்வதாகவும், ஊசிமுனையை மட்டும் மாற்றுவதாகவும் எழுதியிருந்தீர்கள். முனையை மாற்றினாலும் ஒருவரின் இரத்தம் பேனாவுக்குள் பின்வாங்க முடியும்; கல்லீரல் அழற்சிக் கிருமிகள் அந்த வழியாகப் பரவும். உடன்பிறப்பு என்ற அன்பு இதில் காவலாக நிற்காது. தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

15 செப்டம்பர் 2025

"எல்லாவற்றையும் வேண்டாம் என்கிறீர்கள், ஏழை எங்கே போவான்?" என்று கோபமாக எழுதியிருக்கிறீர்கள், தம்பி. உங்கள் கோபம் நியாயம். தோட்டத்து லாயத்தில் எனக்கு எதிர்வீட்டில் இருந்த பெரியம்மா கால் அழுகி, காலை எடுத்து, பிறகு போய்ச் சேர்ந்தார். அவருக்கு இப்படி ஒரு மருந்து கிடைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அதனால்தான், கிடைக்கிற காசு போலிக்குப் போகக் கூடாது என்று திரும்பத் திரும்ப எழுதுகிறேன்.

28 செப்டம்பர் 2025

தமிழ்நாட்டுக்குப் போகும் உறவினர் மூலமாக மருந்து வாங்கி வருவதைப் பற்றி. டிர்செபடைட் மருந்தாகிய மவுன்ஜாரோ இந்தியாவில் இந்த ஆண்டு மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய். வாரத்துக்கு ஒரு குப்பி என்பதால் மாதத்துக்கு 14,000 அல்லது 17,500 ரூபாய். இன்றைய மாற்று விலையில் ஏறக்குறைய 670 முதல் 830 ரிங்கிட். 2022இல் வெளியான சர்மவுண்ட் 1 ஆய்வில் இந்த மருந்தின் மிகக் கூடிய அளவாகிய 15 மில்லிகிராமில் 72 வாரத்தில் சராசரி 20.9 விழுக்காடு எடை குறைந்தது. 5 மில்லிகிராமில் 15 விழுக்காடு. அதனால் பலர் ஆசைப்படுவது புரிகிறது.

ஆனால் விமானச் சீட்டைக் கணக்கில் சேர்க்காமல் மலிவு என்கிறோம். உறவினர் ஆண்டுக்கு ஒரு முறை போகிறார்; ஊசியோ வாரந்தோறும் வேண்டும். நீங்கள் இங்கே இருக்க, அங்கே ஒரு டாக்டர் உங்களைப் பார்க்காமல் சீட்டு எழுதித் தருவது முறையும் ஆகாது. குளிர்ப்பெட்டி வழியில் வெப்பமடைந்தால் மொத்தமும் வீண். குப்பி மருந்தைப் பேனா போலத் திருகிப் போட முடியாது; சிரிஞ்சில் அளந்து இழுக்கத் தெரிய வேண்டும்.

காத்திருக்க முடிந்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. செமாகுளூடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச்சில் முடிகிறது. அங்குள்ள பல நிறுவனங்கள் அதே மருந்தைத் தம் பெயரில் பொது வகை (ஜெனரிக்) மருந்தாகத் தயாரிக்க ஆயத்தமாகிக்கொண்டிருக்கின்றன. அங்கே விலை இறங்கிய மறுநாளே இங்கே இறங்காது. ஒவ்வொரு மருந்தும் நம் நாட்டில் தனியாகப் பதிவுபெற்றாக வேண்டும். இருந்தாலும், இன்று கடன் வாங்கித் தொடங்கலாமா என்று தவிப்பவர் இந்தத் தேதியையும் மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.

23 அக்டோபர் 2025

தீபாவளி முடிந்ததும் வாந்தி பற்றிய கேள்விகள் வரிசையாக வந்திருக்கின்றன. ஊசி போடுகிறவர் வயிற்றில் சாப்பாடு நெடுநேரம் தங்கும். நெய் முறுக்கும் ஆட்டுக்கறியும் ஒரே வேளையில் போனால் வயிறு தாங்காது. சிறிய தட்டில், மெதுவாக, பசி அடங்கியதும் எழுந்துவிடுங்கள். வாந்தி நிற்கவில்லை என்றாலோ, மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கணைய அழற்சியாக இருக்கலாம்.

சாப்பாடு குறையும்போது புரதமும் குறைந்து தசை கரைகிறது. முட்டை, தெம்பே, பருப்பு, கெம்போங் மீன் ஆகியவை நம் பசாரில் மலிவாகக் கிடைப்பவை. விலை உயர்ந்த புரத மாவு தேவையில்லை. எனக்கு வெளிச்சாப்பாடும் இனிப்புத் தே தாரிக்கும் தானாகவே குறைந்தன. அந்தக் காசு ஊசிச் செலவில் ஒரு சிறு பங்கைத்தான் ஈடுகட்டியது. "சாப்பாட்டில் மிச்சம் பிடித்தே ஊசி வாங்கலாம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் எந்த வீட்டுக் கணக்கைப் பார்த்தார்களோ தெரியவில்லை.

9 நவம்பர் 2025

பணம் புரட்டும் வழிகளைப் பற்றி ஒதுக்கி வைத்திருந்த கேள்விகளுக்கு இன்று பதில்.

ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாமா? 2024 மே 11 முதல் நம் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15, நெகிழ்வுக் கணக்குக்கு 10. கடைசிக் கணக்கில் குறைந்தது 50 ரிங்கிட் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். இப்போது கணக்கைப் பாருங்கள். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்குத் தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து 408 ரிங்கிட். அதில் பத்தில் ஒரு பங்கு மாதத்துக்கு 41 ரிங்கிட்கூட இல்லை. அந்தக் கணக்கை நம்பி ஊசியைத் தொடங்க முடியாது. இரத்தச் சோதனைக்கும் ஊசிமுனைக்கும் அது உதவலாம்.

கூட்டுப் (சீட்டுப்) பிடித்து முதல் சில மாதங்களை ஓட்டியவர்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தலைமை தாங்குகிறவர் ஓடிவிட்டால் கேட்க நாதியில்லை. நகையை அடகு வைத்து ஊசி வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அடகு ஒரு முறை வரும் செலவுக்குரியது. இது மாதந்தோறும் வரும் செலவு. வட்டிக்காரரிடம் போவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். மறுபடி தொடங்கும் முன்பு, ஊசி போடாமலே, அதன் முழு மாதச் செலவைச் சம்பள நாளன்றே தனிக் கணக்கில் போட்டு வந்தேன். மூன்று மாதம் அப்படிப் போட்டும் வீட்டுச் செலவு கையைக் கடிக்கவில்லை என்றால் தொடங்கலாம் என்பது கணவரும் நானும் சேர்ந்து எடுத்த முடிவு. பிள்ளையின் பள்ளிச் செலவு வந்த மாதத்தில் தடுமாறினோம். ஆகவே தொடங்குவதைத் தள்ளிப் போட்டோம். அந்தச் சேமிப்பு அப்படியே இருந்து, பிறகு ஓட்டம் குறைந்த ஒரு மாதத்தில் ஊசி நிற்காமல் காத்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதிக் குறிப்பில், அடுத்த ஆண்டும் வாங்க முடியுமா என்று பாருங்கள் என்று எழுதியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி இதுதான்.

2 டிசம்பர் 2025

உடற்பருமனுக்கு இந்த மருந்துகளைப் பயன்படுத்துவது குறித்து உலகச் சுகாதார நிறுவனம் நேற்று தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. பெரியவர்களுக்கு, கர்ப்பிணிகள் நீங்கலாக, நீண்டகாலச் சிகிச்சையாக இவற்றைக் கொடுக்கலாம் என்று நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. விலையும் நீண்டகாலத் தரவுகள் போதாமையும் அந்த நிபந்தனைக்கான காரணங்களில் அடங்கும். 2030இலும் பயன்பெறக்கூடியவர்களில் பத்து விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களுக்கே இவை கிடைக்கும் என்றும் அது மதிப்பிடுகிறது. உடற்பருமன் நாட்பட்ட நோய் என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறார்கள். "வாயைக் கட்டினால் போதும்" என்று நம் திருமண வீடுகளில் முகத்துக்கு நேராகச் சொல்லும் பெரியவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

14 டிசம்பர் 2025

முதலில் கேள்வி கேட்ட தங்கச்சி எழுதியிருக்கிறார். அரசாங்கக் கிளினிக்குக்குப் போனார், எச்பிஏ1சி 7.4 என்று வந்திருக்கிறது. நம் நாட்டு வழிகாட்டியின்படி 6.3ஐ எட்டினாலே நீரிழிவு. மெட்ஃபார்மின் தொடங்கிவிட்டார்கள், உணவு ஆலோசகரைப் பார்த்திருக்கிறார், ஈப்போவுக்குப் பரிந்துரைக் கடிதமும் கையில் இருக்கிறது. ஊசியை இப்போதைக்குத் தள்ளி வைத்து, மாதப் பணத்தைத் தனியாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அடுத்த முறை நிபுணரைப் பார்க்கும்போது என்ன கேட்பது என்று விசாரித்திருக்கிறார்.

நீரிழிவு உறுதியானதால் இப்போது உங்கள் கேள்வி மாறிவிட்டது, தங்கச்சி. எடைக்கான ஊசி கிடைக்குமா என்று கேட்காதீர்கள். என் நீரிழிவுக்கு, எடையையும் சேர்த்துக் குறைக்கும் மருந்து இந்த மருத்துவமனையில் எது கிடைக்கும் என்று கேளுங்கள். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரைகள் எடையைச் சிறிது குறைக்கும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். கிளிக்லசைட் போன்ற மாத்திரையைச் சேர்த்தால், பிற்காலத்தில் ஊசி தொடங்கும்போது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். அதை டாக்டருக்கு நினைவூட்டுங்கள். இரைப்பை அறுவைச் சிகிச்சையின் வரிசையில் பெயர் பதிய முடியுமா என்று நேரடியாகவே கேட்டுவிடுங்கள். ஊசியைத் தொடங்கும் முன்பு விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீரிழிவால் விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தால், செமாகுளூடைட்டால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது கண் மேலும் கெடுவது உண்டு. அந்தப் படத்தை அரசாங்கக் கிளினிக்கிலேயே எடுப்பார்கள். உங்கள் தேதியை இந்த மாதமே கேட்டு வாங்கிவிடுங்கள்.